சுவரோரத்து மண்

அதிகாரி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார்.

பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் கொல்லை. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. முருங்கை மரத்தடியில் பரப்பியிருந்த மண் மட்டும், சுற்றிலும் இருந்த கரிசலோடு சேராமல், மஞ்சளாகத் தனியே தெரிந்தது. அதிகாரி அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். நகத்தளவு சிப்பித் துண்டு ஒன்று உள்ளங்கையில் மிஞ்சியது.

"இது மேல் மண்ணு இல்லையே. ஆழத்துல கெடக்குற மண்ணு. எங்கேருந்து வந்துச்சு?"

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். நான் சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வாங்கிப் போட்டதுங்க சார். தண்ணி தேங்குதுன்னு ஒரு டிராக்டர் மண்ணு வாங்கிப் போட்டேன்."

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"பேரு தெரியலிங்க."

அதிகாரி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். சிப்பித் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அது யாரும் விற்ற மண் இல்லை. என் வீட்டு நிலவறையிலிருந்து வந்த மண். அந்தோணிசாமிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவர் என் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதன் பிறகு சாகும்வரை ஊர் அவரைப் பொய்யன் என்றது.

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தடி உயரம்

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் வழியில் இருந்தது எங்கள் ஊர். அரியலூர் மேல்நிலைப் பள்ளியில் நான் பௌதிக ஆசிரியர். அந்த வீட்டை ஒரு தானிய வியாபாரியின் பிள்ளைகளிடமிருந்து வாங்கினேன். விதைக்கடலை போட்டு வைக்க அவர் கட்டிய நிலவறை ஒன்று கூடத்துக்கு அடியில் இருந்தது. எட்டுப் படி இறங்க வேண்டும். தரை வெறும் மண்.

சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. மின்விசிறி சூட்டைத்தான் இறக்கும். நிலவறை மட்டும் குளுகுளுவென்று இருக்கும். பழைய கடலைத்தோல் வாசனை அடிக்கும். அங்கே ஒரு மேசை போட்டு, சுவரை ஒட்டிப் புத்தக அலமாரி வைத்து, விடுமுறையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

உயரம்தான் இடைஞ்சல். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். நான் ஐந்தே முக்கால் அடி. இறங்கும்போதெல்லாம் உத்திரம் நெற்றியில் இடிக்கும். என் மனைவி கமலம் மேலேயிருந்து சத்தத்தைக் கேட்டே சொல்வாள்: "இன்னிக்கு மூணாவது. உத்திரம் தேஞ்சுடப் போவுது, பாத்துக்குங்க."

கூரையை உயர்த்த முடியாது. மேலே வீடு இருக்கிறது. தரையை இறக்கலாம். இரண்டடி இறக்கினால் நிமிர்ந்து நிற்கலாம். இவ்வளவுதான் என் யோசனை.

பிச்சை சொன்னது

பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து பிச்சை வந்தார். வற்றிப்போன கிணறுகளை ஆழப்படுத்துகிறவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இறங்கியதும் நாலு சுவரையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வடக்குச் சுவரில் நின்றார்.

"இந்தப் பக்கம் யாரு வூடு?"

"அந்தோணிசாமின்னு ஒருத்தர். இது ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்."

"அப்படின்னா ஒரு பேச்சு சார். செவுத்த ஒட்டி ரெண்டடி அகலத்துக்கு மண்ணத் தொடாம விட்டுடுவோம். நடுவுல மட்டும் இறக்குவோம். சுத்திவர மேடையாட்டம் நிக்கும். உக்காந்துக்கலாம்."

"அலமாரி எங்கே வைக்கிறது?"

"மேடை மேல வைங்க."

"மேல வச்சா உத்திரத்துல இடிக்குமே, பிச்சை."

"அப்ப அலமாரிய அறுங்க சார். செவுத்தடி மண்ண அறுக்காதீங்க."

நான் சிரித்தேன். ஒரு காகிதத்தை எடுத்துச் சுவரை வரைந்தேன். எடை நேர்க்கீழாக இறங்குவதற்கு ஓர் அம்புக்குறி போட்டேன். பக்கவாட்டு மண்ணுக்கு இதில் பெரிய வேலை இல்லை என்று விளக்கினேன். பிச்சை காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

நான்காம் நாள் கூப்பிட்டார். வடக்குச் சுவரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைக்கால் முடிஞ்சு போச்சு சார். கைய வச்சுப் பாருங்க."

கடைக்கால் என்றால் சுவரைத் தாங்க மண்ணுக்குள் அடுக்கியிருக்கும் கல். கடைசிக் கல்லின் அடிப்பக்கத்தை என் விரல்கள் தொட்டன. அதற்குக் கீழே வெறும் மஞ்சள் மண். அதில் சிப்பிகள் பொதிந்திருந்தன. கடப்பாரை பட்ட இடம் வெட்டிய வெண்ணெய் மாதிரி நேராக நின்றது.

"கல்லு மாதிரித்தானே நிக்குது" என்றேன்.

"இது சித்திரை சார். ஐப்பசியில வந்து கேளுங்க."

"இன்னும் ஒரு அடிதானே. இறக்கிடுங்க."

பிச்சை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு இறக்கினார். வேலை முடிந்த அன்று கைகால் கழுவிக்கொண்டு படியேறி வந்தவர், கமலத்திடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்டிய முகப்பில் சிமெண்டு பூசினேன். அலமாரி கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கோடை முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு டிராக்டர் மண்

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று நான் யோசிப்பதற்குள் அந்தோணிசாமி வந்துவிட்டார்.

அவருக்குப் பூர்வீகம் வரதராஜன்பேட்டை. எங்கள் ஊர்ப்பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பாறைக்குத் துளை போடும் ஒப்பந்த வேலை. வேலையிலிருந்து வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஒரு காலத்தில் எங்கள் மாவட்டம் கடலாக இருந்தது. சுரங்கத்தில் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் கிடைக்கும். நல்லதாக ஒன்று அகப்பட்டால் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு எனக்காகக் கொண்டுவருவார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு தட்டு முழுக்க அவர் கொடுத்த சிப்பிகள்தான்.

"சார், மண்ண வெளிய குடுத்துடாதீங்க. கொல்லையில தண்ணி நிக்குது, நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

அவரும் அவர் மனைவி மரியபுஷ்பமும் இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுபோனார்கள். அவர்கள் மகள் அப்போது பத்தாவது.

"வாத்தியார் வூட்டு மண்ணு. இதுல உக்காந்து படிச்சா கணக்கு வந்துடும்" என்றார் அந்தோணிசாமி.

"அப்ப நீங்களும் கொஞ்ச நேரம் உக்காருங்க. ஒரு தடவையாவது கடைக்காரன்கிட்ட மீதிய சரியா வாங்கிட்டு வருவீங்க" என்றாள் புஷ்பம்.

எவ்வளவு ஆழம், எந்த ஓரம் என்று அவர் கேட்கவில்லை. கீழே இறங்கியும் பார்க்கவில்லை. படித்தவர் செய்கிற வேலை என்று விட்டுவிட்டார்.

பிற்பகல் வெடி

எங்கள் ஊரில் பிற்பகலில் ஒரு சங்கு ஊதும். அடுத்த சில நிமிடத்தில் சுரங்கத்தில் வெடி வெடிக்கும். சன்னல் கம்பிகள் அதிரும். பாத்திர அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அதனால் ஊரில் எது நடந்தாலும் வெடியின் மேல் போட்டுவிடுவார்கள். கோழி முட்டை வைக்காவிட்டால் வெடி. கைக்குழந்தை பால் கக்கினால் வெடி. டீ தண்ணியாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு, "வெடியில பால் செதறிப்போச்சு" என்று கடைக்காரர் பதில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. உண்மையிலேயே வெடியால் விரிசல் விட்ட வீடுகளும் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் சங்கு ஊதி, வெடி வெடித்து, அதிர்வு அடங்கிய பிறகு, தனியாக ஒரு சத்தம் கேட்டது. நனைந்த மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி.

புஷ்பம் வாசலில் நின்று கத்தினாள். ஓடினேன். வடக்குச் சுவரின் அந்தப் பக்கம், அவர்கள் மகள் படுக்கும் அறை. தரையோரத்திலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு விரிசல். என் கை நுழையும். பெயர்ந்த பூச்சு கட்டில்மேல் கிடந்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"பாருங்க சார், வெடி போட்டு எங்க வூட்டப் பொளந்துட்டானுவ. வெடிதானே சார்?"

அந்த விரிசலைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே அகலம், மேலே போகப்போகக் குறுகல். சுவரின் கால் இறங்கியிருக்கிறது. நான் கரும்பலகையில் வரைந்து காட்டக்கூடிய விஷயம்.

"ஆமாம்மா, வெடிதான்" என்றேன்.

வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. செலவைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. ஒரு பௌதிக ஆசிரியன் சுவரின் காலடியில் மண்ணை எடுத்தான் என்று பள்ளியில் பேசுவார்களே என்ற எண்ணம் மட்டும்தான் வந்தது.

அன்று மாலை கமலம் நிலவறைப் படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "ஏங்க, பிச்சை அன்னிக்குச் சொன்னது இதுதானே?"

நான் அலமாரிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"போய்ச் சொல்லிடுங்க. அவங்க நம்மள அடிக்கப் போறதில்ல."

நான் போகவில்லை. கமலம் அதன் பிறகு அந்த அறைக்குள் இறங்கவே இல்லை.

முதல் கையெழுத்து

ஊரில் மனு எழுதுவது நான்தான். பஸ் வேண்டும், தெருக்குழாய் வேண்டும், எதுவானாலும் என்னிடம் வருவார்கள். மனு எழுதுகிறவன் கையெழுத்துப் போடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் முதலில் போடுவார். அவருக்குக் கீழே மற்றவர்கள். அதுதான் வழக்கம்.

ஊர்க்காரர்கள் கூடி, வெடிக்கு எதிராக மனு எழுதச் சொன்னார்கள். அந்தோணிசாமி தயங்கினார்.

"வேலை பாக்குற எடத்து மேலயே மனுவா சார்?"

"நியாயம் உங்க பக்கம் இருக்கும்போது என்ன பயம்?"

இதைச் சொன்னவன் நான். என் குரலில்தான் சொன்னேன்.

இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல மனு. 'பேரதிர்வு' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அந்தோணிசாமி முதலில் கையெழுத்திட்டார். நாங்கள் பெரம்பலூர் மாவட்டத்தோடு இருந்த காலம் அது. ஒரு திங்கட்கிழமை, கோவிலுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறினார். மனுவை மழைத்துளி படாமல் சட்டைக்குள் வைத்திருந்தார்.

அதன்பேரில்தான் அந்த அதிகாரி பார்வையிட வந்தார். விரிசலைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"வெடியில வர்ற விரிசல் இப்படி இருக்காது. சுவருக்குக் கீழே பிடிமானம் போயிருக்கு. யாரோ பள்ளம் எடுத்திருக்காங்க." பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "சார், உங்க பக்கம் எதாவது?" என்றார்.

"பழைய புத்தகம் வைக்கிற ரூம்தான்" என்றேன்.

ஆசிரியர் சொன்னதை அவர் சந்தேகப்படவில்லை. இறங்கிப் பார்க்கிறேன் என்று கேட்கவில்லை. கொல்லைக்குப் போனார். மஞ்சள் மண்ணைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார்.

மிச்சத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.

அவர் போன பிறகு அந்தோணிசாமி என்னிடம் வந்தார். முருங்கை இலை ஒன்றை உருவிக்கொண்டே கேட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எடுத்தது செவுத்தோரமா இல்லையே?"

"இல்ல. நடுவுலதான்."

"அதானே" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார்."

'மனு'

மனுதாரர் தன் வீட்டில் தானே பள்ளம் தோண்டி மூடிவிட்டு, உண்மையை மறைத்துப் புகார் கொடுத்திருக்கிறார் என்று அறிக்கை வந்தது. கொல்லையில் புது மண் இருந்ததும், அது வந்த இடத்தை அவரால் சொல்ல முடியாததும் அதில் காரணமாக எழுதப்பட்டிருந்தன.

அந்த வாரமே ஒப்பந்தக்காரர் அவரை வரவேண்டாம் என்றார். அந்தோணிசாமி வேறு சுரங்கங்களிலும் கேட்டுப் பார்த்தார். அவருக்கு முன்பே அவர் பேர் போய்ச் சேர்ந்திருந்தது. பெரம்பலூரில் மக்காச்சோள மூட்டை தூக்கப் போனார். நாற்பத்தைந்து வயதுக்குமேல் புதிதாக மூட்டை தூக்கப் பழகினார்.

மனுவில் அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள்தான் அவரை அதிகம் கேலி செய்தார்கள். உண்மையாக விரிசல் விட்டவர்களின் புகாரையும் இவரால் யாரும் நம்பவில்லை என்ற ஆத்திரம். டீக்கடையில் அவருக்கு 'மனு' என்று பேர் வைத்தார்கள்.

"என்ன மனு, இன்னிக்கு எந்த செவுத்தத் தோண்டுன?"

"ஒரு டிராக்டர் மண்ணு வேணும் மனு. பேரு தெரியாத ஆளுகிட்ட வாங்கிக் குடு."

நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவார். ஒரு நாள்கூட, அது சார் வீட்டு மண் என்று சொன்னதில்லை.

அடுத்த கோடையில் ஒரு கொத்தனாரை வெளியூரிலிருந்து வரவழைத்து, அலமாரியை நகர்த்தி, வடக்குச் சுவரடியில் கல் அடுக்கி இரண்டடி அகலத்துக்கு மேடை கட்டினேன். பிச்சை கேட்ட அதே மேடை. அதற்குள் அந்தப் பக்கத்து அறையைப் பிரித்துவிட்டார்கள். மூன்று பேரும் சமையற்கட்டில் படுத்தார்கள். கமலம் அடிக்கடி குழம்பு கொடுத்தனுப்புவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், உள்ளே இரண்டு முருங்கைக்காயோடு. அந்த மஞ்சள் மண்ணில் மரம் நன்றாகக் காய்த்தது.

அந்தோணிசாமி எனக்குச் சிப்பி கொண்டுவருவது மட்டும் நின்றுபோயிற்று. அவருக்குத்தான் சுரங்கத்துக்குள் போக வழியில்லையே.

வரதராஜன்பேட்டைக்கு

அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சுவலி. புஷ்பம் வீட்டை விட்டுவிட்டு வரதராஜன்பேட்டையில் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். கமலமும் காலமாகிவிட்டாள். என் மகன் என்னைத் திருச்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். வீட்டை விற்க ஏற்பாடு செய்தேன்.

வாங்க வந்தவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். இளவயது. நிலவறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து கேட்டான்: "யாரு சார் செவுத்தடி வரைக்கும் வெட்டுனது? வெவரம் இல்லாத பய."

"நான்தான்" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

புஷ்பம் மகள் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் சுடாமலிருக்க விரல்களில் சாம்பல் பூசியிருந்தாள். "வாங்க சார், இம்மாந்தூரம் எதுக்கு அலைஞ்சீங்க, சொல்லியனுப்பினா வந்திருப்பேனே" என்று எழுந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிச்சை சொன்னது, கடைசிக் கல்லின் அடிப்பக்கம், 'ஆமாம்மா' என்றது, 'நடுவுலதான்' என்றது.

புஷ்பம் கையிலிருந்த கொட்டையை முறத்தில் போட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொன்னதை நம்பினார்."

"ஆமா. நம்புனாரு. ஊரு அவரப் பேசுறப்பல்லாம் நான் கேப்பேன், அது வாத்தியார் வூட்டு மண்ணுன்னு சொல்லித் தொலைங்களேன்னு. புள்ள, சார் வேல பாக்குறவரு, அவர இதுல இழுக்கக் கூடாதும்பாரு."

நான் கைகூப்பினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? நான் என்னைக்கு அவரப் பொய்யன்னேன்? ஊருதானே சொன்னிச்சு."

மறுபடியும் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தாள். நான் போகத் திரும்பியபோது கூப்பிட்டாள்.

"நீங்க ஒரு புஸ்தகத்துல வாராவாரம் எழுதுறீங்களாமே. எம் மவ சொன்னா. அது அங்கெல்லாம் வருமா? டீக்கடைக்கு?"

"வரும்."

"அதுல எழுதுங்க. அவரு பேரப் போட்டு எழுதுங்க. கதையாட்டம் எழுதாதீங்க. அன்னிக்கு மனு எழுதிக் குடுத்தீங்கல்ல, அது மாதிரி எழுதுங்க."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பஸ் வரும்வரை இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கதை மாதிரி எழுத வேண்டாம் என்றாள். இதுவரை எழுதியது கொஞ்சம் அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால் அவள் கேட்டதைத் தனியாக எழுதுகிறேன்.

பெறுநர்: எங்கள் ஊர்ப் பொதுமக்கள்.

பொருள்: அந்தோணிசாமி வீட்டுத் தெற்கு அறையின் விரிசல்.

வணக்கம். மேற்படி விரிசல் வெடியால் வந்தது அல்ல. அந்தோணிசாமி பள்ளம் தோண்டவில்லை. என் நிலவறையின் தரையைத் தாழ்த்துவதற்காக, பொதுச் சுவரின் கடைக்காலுக்குக் கீழே இருந்த மண்ணை, எச்சரிக்கையை மீறி நான் எடுத்தேன். அவர் கொல்லையில் கிடந்த மஞ்சள் மண் என் வீட்டு மண். அதைத் தெரிந்தும் நான் மறைத்தேன். அவர் அதிகாரியிடம் சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. மனுவின் வாசகம் முழுவதும் என்னுடையது. அவர் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இதை டீக்கடையில் யாராவது உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு வேறு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கீழே நான் மட்டும் போட்டிருக்கிறேன்.